கொண்டிஸ் நிற்காத கிணறு

கொண்டிஸ் போட்ட கிணற்றை விடிய எழும்பிப் பார்க்க வேண்டும். வலிகாமத்துச் சனத்தின் பழைய கணக்கு அது. பொழுதுபடுகிற நேரம் ஒரு கடதாசிச் சரைக் கொண்டிஸை, அதுதான் பெர்மாங்கனேட் என்கிற ஊதா மணிகளை, வாளித் தண்ணீரில் கரைத்துக் கிணற்றில் ஊற்றிவிட்டால், விடியும்போது தண்ணீரில் மெல்லிய ரோசா நிறம் நிற்க வேண்டும். நின்றால் கிணறு சுத்தம். கொண்டிஸ் தின்ன அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். நிறம் செத்து, தேயிலைச் சாயம் போலக் கிடந்தால் அடியில் இன்னும் ஏதோ இருக்கிறது. திரும்பவும் போட வேண்டும். இப்போது சுகாதாரப் பகுதிக்காரர் குளோரின் தூளைத்தான் போடச் சொல்கிறார்கள். குளோரின் தன் வேலையை முடித்ததா இல்லையா என்று கண்ணுக்குக் காட்டாது, மூக்குக்குத்தான் காட்டும். உதயகலாவுக்குக் கண்ணால் காணாத எதிலும் நம்பிக்கை வருவதில்லை. அப்படி அவளை ஆக்கியது ஊர்ச் சனத்தின் வாய்தான்.

ஆமி பிடித்து வைத்திருந்த காணி விடுபட்ட ஆவணி மாதம் அது. முப்பது வருசத்துக்கு மேல் முள்ளுக்கம்பிக்குள் கிடந்த வளவு, எல்லை தெரியாத பற்றைக் காடாய்க் கிடந்தது. வீட்டுக்குக் கூரை இல்லை. விறாந்தைக்குள் ஒரு வேம்பு வளர்ந்து கதவு நிலையை நெம்பிக்கொண்டு நின்றது. சோளகக் காற்று செம்மண்ணை அள்ளிக் கண்ணில் அடித்தது. கிணறு மட்டும் அப்படியே இருந்தது. சுற்றுக் கட்டில் ஒரு வெடிப்பு இல்லை, இறங்குகிற படிக்கல்லில் ஒன்று விழவில்லை. மற்றவர்கள் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டார்கள். உதயகலாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. எல்லாம் அழிந்த இடத்தில் ஒன்று மட்டும் தப்பிக் கிடந்தால், யாரோ இருந்து பார்த்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

மகன் சிவகரன் ஓட்டோ ஓடுகிறவன். அளவெட்டி வாடகை வீட்டை விட்டுவிட்டு வளவுக்குள் ஒரு தகரக் கொட்டில் போட்டுத் தாயைக் கொண்டுவந்து வைத்தான். வீடு கட்டத் தொடங்க முதலில் தண்ணீர் வேண்டும். ஆட்களைப் பிடித்துக் கிணற்றை இறைத்தார்கள். தண்ணீர் இடுப்பளவுக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே எவ்வளவு இறைத்தாலும் வற்றாது. தெற்குப் பக்கப் பாறைக்கு அடியில் ஒரு பொந்து இருந்தது. ஊற்று அதற்குள்ளிருந்துதான் வந்தது. நம்முடைய சுண்ணக்கல் கிணறுகள் பலதுக்கும் இப்படி ஒரு பொந்து உண்டு. அது எங்கே போகிறது என்று எவனும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதில்லை.

மேலே வந்த சேற்றைக் கூடை கூடையாகக் கொட்டினார்கள். உதயகலா குந்தியிருந்து ஒவ்வொரு குவியலையும் கையால் அளைந்து பார்த்தாள்.

"என்னம்மா தேடுறியள்?" என்று சிவகரன் கேட்டான்.

"ஒண்டுமில்லைத் தம்பி. உன்ரை வேலையைப் பார்."

அவள் தேடியது புருசனை.

குணரத்தினம் நல்ல தோட்டக்காரன். வெங்காயமும் புகையிலையும் அவன் சொன்ன சொல் கேட்டு வளரும் என்பார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை தொடங்கி ஊர் முழுக்க வெளிக்கிட்டபோது, மனைவியையும் கைப்பிள்ளையையும் சைக்கிளில் ஏற்றித் தெல்லிப்பழைச் சந்திவரை கொண்டுவந்தான். அங்கே சனத்தோடு சனமாக அவர்களை விட்டுவிட்டு, "நீங்கள் நடவுங்கோ. நான் மிசினை ஒரு வழி பண்ணிப்போட்டு வாறன்" என்று சைக்கிளைத் திருப்பினான். மிசின் என்றது தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மிசினை. உதயகலாவின் சீதனத்தில் வாங்கியது. அந்தக் காலத்தில் அது இருக்கிற வீடு தலைநிமிர்ந்த வீடு. போனவன் வரவில்லை.

பிறகொரு நாள் பக்கத்து வளவு அருளம்பலம் தன் பசுவைத் தேடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்குள் போய் வந்தார். சனம் தங்கியிருந்த அகதி முகாமுக்கு வந்து கண்டதைச் சொன்னார். "குணத்தையும் காணேல்லை, கொட்டிலிலை மிசினையும் காணேல்லை." அவர் அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. மிச்சத்தைச் சனம் தானே சேர்த்துக்கொண்டது. அந்த நாட்களில் இந்தியாவுக்கு வள்ளங்கள் ஓடின. மிசினை விற்ற காசோடு ஏறியிருப்பான் என்றார்கள். மண்டபம் முகாமில் அவனைப் போல ஒருவனை ஒரு பெண்ணோடு கண்டதாகவும் ஒரு கதை வந்தது. கண்டவர் யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பேர் சொன்னார்கள்.

அந்தக் கதையை உதயகலா முழுக்க நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. செத்தவனுக்காக அழலாம், விட்டுப் போனவனைத் திட்டலாம். அவள் இரண்டையும் ஒரே மூச்சில் செய்து வந்தாள். காணாமற்போனவர்களின் பேர் எடுக்கிறார்கள் என்று வரிசையில் போய் நின்றவள், "ஓடினவனைத் தேடித் தாங்கோ எண்டு என்னெண்டு கேக்கிறது" என்று பாதியில் திரும்பி வந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. அது அன்பால் இருந்ததா, வீம்பால் இருந்ததா என்று அவளுக்கே தெரியாது. கிணற்றுக்குள் அவன் கிடந்தால் அவன் தன்னை விட்டுப் போகவில்லை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கேட்கப் பயங்கரமாக இருக்கும். ஆனாலும் அவள் மனதில் கிடந்தது அதுதான்.

சேற்றில் ஒன்றும் வரவில்லை. ஓட்டை விழுந்த தகரங்களும் ஒரு வாளிக் கைபிடியும்தான் வந்தன.

கொண்டிஸ் அவளுக்குப் பழக்கமான சாமான். இடம்பெயர்ந்த காலம் முழுக்கக் கோழி வளர்த்தாள். குஞ்சுகளுக்கு வயிற்றோட்டம் வந்தால் குடிதண்ணீரில் ஒரு மணி அளவு போடுவாள். சிவகரனின் கால் சிரங்கைக் கழுவியதும் அதில்தான். கூடிப்போனால் தோலைச் சுடும், துணியில் பட்டால் போகாத மண்ணிறக் கறையாய் நிற்கும். யாழ்ப்பாணத்து மருந்துக் கடையில் வாங்கும்போது கடைக்காரர், "கிளிசரின் போத்தலுக்குப் பக்கத்திலை வைச்சிடாதேங்கோ அம்மா, தன்பாட்டிலை நெருப்புப் பத்தும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவள் தலையாட்டினாள். அது சாதுவான சாமான் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

முதல் நாள் பின்னேரம் வாளியில் கரைத்து ஊற்றினாள். சரையில் ஒட்டிக் கிடந்த நாலைந்து மணிகளை அப்படியே உதறினாள். மணி ஒவ்வொன்றும் ஒரு ஊதா நூலை விட்டுக்கொண்டு கீழே போனது. நூல்கள் நேரே இறங்கவில்லை. பாதி ஆழத்தில் எல்லாம் ஒன்றாய்த் தெற்குப் பக்கம் சாய்ந்தன. பொந்துக்குக் கிட்டப் போகப் போக மெலிந்தன. பிறகு இல்லாமற் போயின. உள்ளேயிருந்து ஒருவர் மெல்ல உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. உதயகலா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோளகம் அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து "குளக்" என்று ஒரு சத்தம் வந்தது.

விடிய வந்து பார்த்தபோது தண்ணீரில் நிறம் இல்லை. தெற்குப் பக்கப் பாறையில் மட்டும் மண்ணிறமாய் ஒரு படலம் பிடித்திருந்தது.

"ஒரு தரத்திலை நிக்காது. மூண்டு தரமாவது போடோணும்" என்றார் அருளம்பலம். அவரும் தன் வளவுக்குத் திரும்பி வந்துவிட்டார். கிழண்டிப் போனார், ஆனால் ஒவ்வொரு காலையும் பிளேன்ரி குடிக்க இந்தக் கொட்டிலுக்கு வருவார். "என்ரை கிணத்திலை ரெண்டாம் நாளே ரோசாப் பூ மாதிரி நிண்டது."

"எங்கடை கிணறு பசிக் கிணறு போலை, அண்ணை."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

திரும்பவும் போட்டாள், நிறம் போனது. கூட்டிப் போட்டாள். பொழுதுபடக் கிணறு நாவற்பழச் சாறாய் நிற்கும், விடிந்தால் ஒன்றும் இருக்காது. வளவுக்கு வந்து ஒட்டிக்கொண்ட நாய் ஒன்று, அந்தத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு அருளம்பலத்தின் வளவுக்குக் குடிக்கப் போனது. உதயகலாவின் விரல்கள் புகையிலை உருட்டுகிறவளின் விரல்கள் போல மண்ணிறமாய் ஆகிவிட்டன. தேய்த்துக் கழுவ அவள் மினைக்கெடவில்லை.

அவளுக்குள் எப்போது அது மாறியது என்று சொல்ல முடியாது. முதலில் கிணறு சுத்தமாக வேண்டும் என்றுதான் போட்டாள். பிறகு நிறம் நின்றுவிடுமோ என்று பயந்து பயந்து போட்டாள். விடிய ஓடிவந்து எட்டிப் பார்ப்பாள். நிறம் இல்லை என்று கண்டால் நெஞ்சு ஆறும். தின்றிருக்கிறார், உள்ளே இருக்கிறார். பின்னேரமானால் முகம் கழுவி, தலை இழுத்து, வேறு சீலை உடுத்துக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போனாள். புருசனுக்குச் சோறு போடப் போகிறவள் மாதிரி என்று சொன்னால் மிகையில்லை.

ஒருநாள் சிவகரன் நேரத்தோடு வந்து ஓட்டோவை ஒழுங்கையில் விட்டுவிட்டு நடந்து வந்தான். தாய் கிணற்றுக் கட்டில் சாய்ந்து உள்ளே பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்குக் கொஞ்சம் கூடப் போட்டிருக்கிறன். ஆறுதலாய்ச் சாப்பிடுங்கோ. உந்தக் குளிருக்கை என்னெண்டு இருக்கிறியளோ தெரியேல்லை. நான் உங்களை எவ்வளவு திட்டிப்போட்டன். காதிலை விழுந்திருந்தால் மனசிலை வைச்சிருக்காதேங்கோ."

சிவகரன் ஒரு அடி பின்வாங்கினான். முப்பத்தைந்து வயது ஆம்பிளை, நடுச்சாமத்தில் சவாரிக்குச் சுடலை ரோட்டால் போய் வருகிறவன், தன் தாயைக் கூப்பிடப் பயந்து வேம்புக்குப் பின்னால் நின்றான். கிணறு "குளக்" என்றது. தாய், "ம்" என்று தலையாட்டினாள்.

அடுத்த நாள் காலை அருளம்பலமும் அவனும் சேர்ந்து கதைத்தார்கள்.

"அம்மா, பொந்துக்கை ஒரு ஆளை இறக்கிப் பாப்பம்" என்றான் சிவகரன். "மயிலிட்டியிலை எமில்ராஜ் எண்டு ஒருத்தர் இருக்கிறார். கடலட்டைக்கு முழுகிறவர்."

"வேண்டாம்."

"என்னெண்டு வேண்டாம்? தண்ணி இல்லாமல் அத்திவாரம் வெட்டேலாமல் கிடக்கு. உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு தெரியோணும்."

"என்ன கிடந்தால் உனக்கென்ன? அது தன்பாட்டிலை கிடக்கட்டும். நாங்கள் அண்ணையின்ரை கிணத்திலை அள்ளுவம்."

"அப்பா கிடக்கிறாரெண்டு நினைக்கிறியளோ?"

அதை அவன் நேரே கேட்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. குழலை இறக்கி வைத்துவிட்டு, ஆவி படிந்த முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள்.

"அவர் அங்கை இல்லையெண்டால்?" என்றாள். "இல்லையெண்டு அவன் வந்து சொன்னால் நான் பிறகு ஆருக்குத் தம்பி கொண்டிஸ் போடுறது? இவ்வளவு காலமும் சனம் சொன்னதுதான் உண்மையெண்டு ஆகிப்போகும். அது எனக்குத் தாங்காது."

அருளம்பலம் பிளேன்ரிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவகரன் தாயின் மண்ணிற விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, எனக்கு அவரின்ரை முகம் தெரியாது. பள்ளிக்குடத்திலையும் 'ஓடிப்போனவன்ரை பெடியன்' எண்ட பேரோடைதான் வளந்தனான். நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரியோணும்."

அதற்குப் பிறகு அவள் மறுக்கவில்லை. பெற்ற பிள்ளை அப்படிக் கேட்டால் எந்தத் தாய் மறுப்பாள்?

எமில்ராஜ் கறுத்து இறுகிய ஆள். கடலில் சாவுக்குப் பயப்படாதவன், கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். இறைக்கிற மிசினைப் பூட்டித் தண்ணீரைக் குறைத்தார்கள். அவன் இடுப்பில் கயிறு கட்டி, ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு பாறைக்கு அடியில் முழுகினான். கயிறு தெற்குப் பக்கம் போனது. முன்பு கொண்டிஸ் நூல்கள் போன அதே பக்கம். சிவகரன் கயிற்றை விட்டுக்கொண்டே நின்றான். உதயகலா கட்டை விட்டு விலகி நின்று, கண்ணை மூடிக்கொண்டாள்.

எமில்ராஜ் மேலே வந்தபோது மூச்சு வாங்கினான்.

"அக்கா, உள்ளுக்கை ஒரு தட்டு மாதிரி இருக்கு. அதிலை..." அவன் சிவகரனைப் பார்த்தான். "அதிலை ஒருத்தர் குந்தியிருக்கிற மாதிரிக் கிடக்கு. தலையைக் குனிஞ்சுகொண்டு. உரப்பையாலை போத்தி, சுத்திக் கயிறு கட்டியிருக்கு."

சோளகம் மண்ணை அள்ளி அடித்தது. உதயகலா கண்ணைத் திறந்தாள். அவள் முகத்தில் வந்தது பயம் இல்லை, சந்தோசம். அருளம்பலம் பிறகு எத்தனையோ தரம் அதைச் சொல்வார், ஒரு கலியாணப் பொம்பிளையின் முகத்தில்தான் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கண்டதாக. அவள் கொட்டிலுக்குள் ஓடினாள். ட்ரங்குப் பெட்டியில் கிடந்த வெள்ளை வேட்டியை எடுத்துக்கொண்டு வந்து கிணற்றடியில் விரித்தாள். நாலு மூலைக்கும் கல்லு வைத்தாள்.

"எடு தம்பி" என்றாள் எமில்ராஜிடம். "நோகாமல் எடு."

அவன் கயிற்றோடு திரும்பவும் போனான். சிவகரனும் அருளம்பலமும் இழுத்தார்கள். பாரமாக இருந்தது. எலும்புக்கு இவ்வளவு பாரம் இருக்குமா என்று சிவகரன் நினைத்தான். தண்ணீரைப் பிளந்துகொண்டு தலை குனிந்த ஒரு உருவம் மேலே வந்தது. உரப்பையிலிருந்து செம்புழுதித் தண்ணீர் வடிந்தது. வேட்டியின் மேல் வைத்ததும் வேட்டி துருவின் நிறமாகியது. உதயகலா முழங்காலில் இருந்து, கையால் பையைக் கிழித்தாள்.

உள்ளே மிசின் இருந்தது.

துருப்பிடித்து, ஊறிப்போய், ஆனால் மிசின்தான். எண்ணெய்த் தாங்கி, இழுப்புக் கயிறு சுற்றுகிற சில்லு எல்லாம் இருந்தன. அவள் அதைப் பார்த்தபடி இருந்தாள். மனிதன் இல்லை. அவர் அங்கே இல்லை. இவ்வளவு நாளும் கொண்டிஸைத் தின்றது வெறும் இரும்பும் துருவும் உக்கிய சாக்கும். அவள் தலையில் அடித்துக்கொண்டு, "இல்லையே, இல்லையே" என்று அழத் தொடங்கினாள். சிவகரன் தாயைப் பிடித்தான். அவனுக்கும் அழுகை வந்தது.

அருளம்பலம் அழவில்லை. அவர் மெல்லக் குந்தி, தன் வாழ்நாள் முழுக்க மிசின் பூட்டிய கையால் அதைத் தடவிப் பார்த்தார்.

"பிள்ளை, அழாதை. இஞ்சை பார்."

அவள் பார்க்கவில்லை.

"இது குணத்தின்ரை மிசின். வித்துப்போட்டானெண்டு சனம் சொன்ன மிசின். விக்கேல்லை. கிணத்துப் படியாலை இறங்கி, இடுப்பளவு தண்ணிக்கை நிண்டு, தனிய இதைப் பொந்துக்கை தள்ளியிருக்கிறான். உதுக்கு எவ்வளவு நேரம் செல்லும் தெரியுமோ? ஷெல்லடிக்கை நிண்டு செய்திருக்கிறான். புகை போற வாயிலை மரக்கட்டை இறுக்கியிருக்கு, தண்ணி போகாமல். எண்ணெயை வடிச்சிருக்கு."

அவர் விரல் மிசினின் தலையில் ஒரு ஓட்டையில் நின்றது. அதிலும் ஒரு மரக்கட்டை இறுக்கியிருந்தது.

"பிளக் இல்லை" என்றார்.

தோட்டக்காரர் எல்லாருக்கும் தெரிந்த விசயம் இது. மிசினை வயலிலோ கிணற்றடியிலோ விட்டுவிட்டுப் போகிறவன் எஞ்சினுக்கு நெருப்புப் பொறி கொடுக்கிற பிளக்கைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு போவான். பிளக் இல்லாமல் கள்ளன் எடுத்தாலும் ஓடாது. விற்கிறவன் பிளக்கைக் கழற்ற மாட்டான். போனால் வரமாட்டேன் என்று நினைக்கிறவனும் கழற்ற மாட்டான்.

உதயகலாவின் அழுகை நின்றது. அவள் அந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"மடியிலை கொண்டுபோயிருக்கிறார்" என்றாள்.

"ஓம் பிள்ளை."

"வேலையை முடிச்சுப்போட்டு எங்களட்டைத்தான் வெளிக்கிட்டிருக்கிறார்."

"ஓம்." அருளம்பலம் மரக்கட்டையிலிருந்து விரலை எடுத்தார். "நான் அண்டைக்குக் கிணத்தையும் ஒருக்கால் எட்டிப் பாத்திருக்கலாம். பாக்கேல்லை."

"நீங்கள் பொய் சொல்லேல்லை, அண்ணை. கொட்டிலிலை மிசின் இல்லைத்தானே."

அவள் அப்படிச் சொன்னது அவரைத் திட்டியதைவிடக் கூட உறைத்தது. அவர் தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று பின்னேரம் கொண்டிஸ் போட்டது சிவகரன். உதயகலா பார்க்கக்கூட வரவில்லை. விடிந்ததும் அவன்தான் வந்து கூப்பிட்டான். நிறம் நின்றது. கிணறு முழுக்க ஒரே ரோசா நிறம், வட்டமாய், அசையாமல். அவள் எட்டிப் பார்த்தாள். "குளக்" என்ற சத்தம் இல்லை. தண்ணீரில் அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது. அவளைப் பார்த்துக்கொண்டு வேறு ஒருவரும் உள்ளே இல்லை. அந்த வெறுமை முதலில் அவளைப் பயப்படுத்தியது. பிறகு அவள் மூச்சு மெல்ல இறங்கியது.

"ஐயரிட்டைச் சொல்லு தம்பி. கீரிமலையிலை உன்ரை கொப்பருக்கு அந்தியேட்டி செய்யோணும்."

செத்தவருக்குச் செய்கிற அந்தக் கிரியையின் பேர் தாயின் வாயில் வரும் என்று சிவகரன் நினைத்ததே இல்லை.

"செய்வம் அம்மா. ஆனால் திதி கேப்பார். நாள் தெரியாதே. காணாமற்போன ஆக்களுக்கு அமாவாசையிலை செய்யிறவையாம்."

"ஏன் தெரியாது? ஆனி மாதம், அபரபக்கத்து அட்டமி" என்றாள் உதயகலா. "எங்களைச் சந்தியிலை விட்ட அண்டைக்கே. அண்டைக்கு உயிரோடை இருந்திருந்தால் பொழுதுபட முன்னம் வந்திருப்பார்."

அவள் கிணற்றுக் கட்டில் இருந்து தலைமயிரை அவிழ்த்துவிட்டாள். "அள்ளி ஊத்து" என்றாள். சிவகரன் முதல் வாளியை இழுத்துத் தாயின் தலையில் ஊற்றினான். ரோசாத் தண்ணீர் நெற்றிப் பொட்டைக் கரைத்துக்கொண்டு மூக்கால் வடிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"இன்னும் ஊத்து" என்றாள்.